உலர் வலயத்தில் ஒரு மழைக்காலம்: வன்னிப் பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, ஒட்டுசுட்டான்

இலங்கைக் காலநிலைப் படத்தில் வன்னிக்கு ஒரே நிறம்தான். ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழுந்தால் ஈர வலயம், 1750க்குக் கீழே போனால் உலர் வலயம், நடுவில் நிற்பது இடை வலயம். இந்தக் கணக்கில் கிளிநொச்சியும் பொலன்னறுவையும் அம்பாந்தோட்டையும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் கீறிக் காட்டுகிற வேலை எனக்கு. லீவு முடிவதற்குள் அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோமே என்று மச்சானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டேன். வவுனியாவில் தொடங்கி, முல்லைத்தீவுக்குப் போய், பூநகரி வழியாக மன்னாரில் இறங்கி, திரும்ப வவுனியாவுக்கு வருவதாகத் திட்டம்.

ஓமந்தை தாண்டியதுமே மச்சான் கேட்டான்: “உதுதானோ உன்ர உலர் வலயம்?”

கேட்டதில் நியாயம் இருந்தது. வீதியின் இரண்டு பக்கமும் தண்ணீர். சின்னக் குளங்கள் எல்லாம் நிரம்பி வழிந்து வான் பாய்கின்றன. நெல் குடலை தள்ளி நிற்கிறது. வவுனியாவுக்கு ஆண்டில் ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை. லண்டனுக்கு 600 அளவில்தான். எவ்வளவு விழுகிறது என்பதைவிட எப்போது விழுகிறது என்பதுதான் இங்கே பெரிசு. ஐப்பசியில் பிடித்தால் மார்கழி, தை வரைக்கும் பெரும்பங்கு கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் இடியோடு கொஞ்சம் எட்டிப்பார்க்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை வருகிற தென்மேற்குக் காற்று மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே மழையை இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு இங்கே வந்து இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும்.

ஜெர்மன் காலநிலை அறிஞர் கொப்பன் 1884இல் தொடங்கிப் பல முறை திருத்திய வகைப்பாட்டில் இதற்கு ‘ஏ.எஸ்’ என்று குறி: கோடையில் காய்கிற வெப்பவலயச் சவன்னா. உலகத்துச் சவன்னாக்களில் பெரும்பாலானவை கோடையில் நனைந்து குளிர்காலத்தில் காயும். நமக்கும் எதிர்க்கரையில் சென்னைக்கும் அது தலைகீழ்.

விவசாயத் திணைக்களத்தின் வேளாண் சூழலியல் படம் இன்னும் கூர்மையானது. மழை, உயரம், மண், தரையின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத் தீவை 46 பிரதேசங்களாக வெட்டுகிறது. எனக்குப் பிடித்தது அது மழையை எண்ணுகிற விதம். சராசரியை எடுப்பதில்லை, நாலு வருடத்தில் மூன்று வருடமாவது நம்பியிருக்கக்கூடிய மழை எவ்வளவு என்று பார்க்கிறது. சராசரியை நம்பி விதைத்தவனுக்கு நாலாவது வருடம் என்ன நடக்கும் என்று வன்னியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

புளியங்குளத்தில் கிழக்கே திரும்பினால் காடு கிட்ட வருகிறது. நெடுங்கேணிக்கு முன்னால் ஒரு இடத்தில் நிறுத்தினோம். உள்ளே போகவில்லை. இந்தப் பக்கக் காடுகளில் மண்டையோடு கீறிய கண்ணிவெடிப் பலகைகள் இன்னும் முற்றாக எடுபடவில்லை, வீதியோரம் போதும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி. வீரையை ஒரு தரம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: அடிமரம் முழுக்கக் குழியும் மடிப்புமாக, பல தண்டுகளை முறுக்கி ஒட்ட வைத்த மாதிரி நிற்கும். இலையைப் பறித்து மடித்தேன். தோல் போலத் தடித்த இலை, மடிந்த இடத்தில் சட்டென்று ஒடிந்தது.

அந்த இலையில்தான் புதிர் இருக்கிறது. நாலைந்து மாதம் காய்கிற ஊரில் காடு இலையைக் கொட்டிவிட்டு நிற்க வேண்டும். தக்காணத்துத் தேக்கங்காடுகள் அதைத்தான் செய்கின்றன. இங்கே முதிரை போன்ற சில மரங்கள் கொட்டும். பாலையும் வீரையும் கருங்காலியும் கொட்டாது. தடித்த, சின்ன இலையோடு கோடையைத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ‘உலர் பசுமைமாறாக் காடு’ என்று கேட்கவே முரணாகப்படுகிற ஒரு பெயர். இதே வகைக் காடு சோழமண்டலக் கரையிலும் உண்டு. கோடியக்கரையிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயிற்காடுகளிலும் இதே பாலை, இதே வீரை. அங்கே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. 2001இல் வெளிவந்த உலகச் சூழல் மண்டலப் படம் நிலப்பரப்பை 867 மண்டலங்களாகப் பிரித்தபோது கடலுக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இரண்டு மண்டலமாக வைத்தது. மரங்களைக் கேட்டால் ஒன்று என்றுதான் சொல்லும் என்பது என் கட்சி.

வெள்ளி, முத்தையன்கட்டுப் பக்கம்

இன்று ஓடிய தூரம் குறைவு. பார்த்தது அதிகம்.

ஒட்டுசுட்டானிலிருந்து போகிற ஒரு கிறவல் பாதையில் மதகு கட்டுவதற்குக் கிடங்கு வெட்டியிருந்தார்கள். இடுப்பளவு ஆழம். இறங்கி நின்றால் மண்ணின் பக்கவாட்டு முகம் அப்படியே தெரிகிறது. மேலே ஒரு சாண் கபில மண், அதற்குக் கீழே செம்மை ஏறிக்கொண்டே போய், பிறகு வெள்ளைப் படிகக்கல் துண்டுகள் நெருக்கமாகப் பதிந்த ஒரு படை. அதற்கும் கீழே உக்கிக்கொண்டிருக்கிற பாறை. விரலால் சுரண்டினால் மினுங்கிக்கொண்டு உதிர்கிறது. பாடப்புத்தகத்துச் செங்கபில மண் இதுதான். அங்கிருந்து நடந்து சரிவில் இறங்கினோம். சரிவு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சைக்கிளில் போனால் மிதிக்காமல் உருளும், அவ்வளவுதான். கீழே வயல். வரம்போரம் மண்வெட்டியால் இழுத்துப் போட்டிருந்த சேறு சாம்பல் நிறம், இடையிடையே துருப் புள்ளி.

வரம்பில் நின்ற ஐயா ஒருவர் நாங்கள் மண்ணைக் கிள்ளிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“காணி வாங்கப் போறியளோ?”

“இல்லை ஐயா, சும்மா மண் பாக்கிறம்.”

“மண்ணில பாக்க என்ன கிடக்கு? தண்ணி நிக்கிற இடம் நெல்லு. நிண்டு வடியிற இடம் உழுந்து, பயறு. நிக்கவே நிக்காத இடத்தில கச்சானைப் போடு, இல்லாட்டிக் காடாக் கிடக்கட்டும் எண்டு விடு.”

நான் இரண்டு பாடவேளை எடுத்துச் சொல்வதை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். மேட்டில் மழைத்தண்ணீர் இறங்கிப் போய்விடுவதால் மண்ணுக்குள் காற்று புகும், இரும்பு துருவாகிச் சிவக்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் காற்றை அடைத்துவிடும்; இரும்பு கரைந்து, மண் சாம்பலாகிப் போகும். ஒரே பாறையிலிருந்து வந்த மண்தான். சில மீட்டர் உயரம் அதை இரண்டாக்கிவிட்டது. ஜெஃப்ரி மில்ன் என்ற மண்ணியலாளர் கிழக்கு ஆபிரிக்காவில் இதே ஒழுங்கைக் கண்டு 1930களில் எழுதினார். மேட்டிலிருந்து பள்ளம் வரை மண்ணை ஒரு சங்கிலியாகப் பார்க்க வேண்டும், தனித்தனித் துண்டாக அல்ல என்பது அவர் வாதம்.

வன்னி முழுவதும் இந்தச் சங்கிலிதான் திரும்பத் திரும்ப வருகிறது. மேட்டில் காடு, அதற்குக் கீழே வீடும் மேட்டுக்காணியும், பள்ளத்தின் தலைப்பில் குளம், கட்டுக்குக் கீழே வயல். அந்த வயலில் வடிகிற தண்ணீர் அடுத்த குளத்துக்கு. வரைபடத்தில் ஒரே நிறமாகத் தெரிகிற தேசத்துக்குள் நடந்தால் அரை மணித்தியாலத்தில் மூன்று நிலம் தாண்டிவிடலாம். இரண்டு மண்ணுக்கும் விழுகிற மழை ஒன்றே. அப்படியிருக்க மழையை வைத்துக் கீறிய கோடு இங்கே என்ன சொல்லப்போகிறது? தீவுக்கு அது சரி. ஊருக்குச் சரிவராது.

குளக்கட்டில் ஏறி அலைகரைப் பக்கம் பார்த்தோம். தண்ணீர் ஏறி நிற்கிற எல்லையில் மருத மரங்கள், அதற்குப் பின்னால் புல், பிறகு பற்றை, பிறகு காடு. யானை லத்தி காயாமல் கிடந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை.

தமிழில் நிலவகை பற்றி எழுத உட்கார்ந்தால் ஐந்திணை வராமல் போகாது. எனக்கு அதில் கொஞ்சம் சலிப்பு. வன்னியில் எந்த மேடையிலும் ‘முல்லையும் மருதமும் தழுவிய மண்’ என்றுதான் தொடங்குவார்கள், அதோடு நிலத்தை விட்டுவிட்டு வேறு எங்கேயோ போய்விடுவார்கள். தொல்காப்பியம் அப்படி மேலோட்டமாகச் சொல்லவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, உணவு, தொழில், தெய்வம் எல்லாம் கருப்பொருள். மழைக்காலத்தையும் மரத்தையும் சாப்பாட்டையும் ஒன்றாகக் கட்டிய வகைப்பாடு அது. ஏ. ஜே. ஹெர்பர்ட்சன் என்ற ஒக்ஸ்போர்ட் புவியியலாளர் நிலவுரு, காலநிலை, தாவரம் மூன்றையும் சேர்த்து உலகத்தை ‘இயற்கைப் பிரதேசங்கள்’ ஆக்கியது 1905இல்தான். தொல்காப்பியத்தில் எனக்கு உறுத்துகிற இடம் வேறு: ஒரு திணையின் ஒழுக்கம் இன்னொன்றில் போய்க் கலக்கலாம், ஆனால் இரண்டு நிலம் ஒன்றாகக் கலக்காது என்கிறது. கட்டில் நின்று பார்க்கிறபோது ஆமென்றுதான் படுகிறது, வயல் எங்கே முடிகிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தெளிவு மண்வெட்டி கொடுத்த தெளிவு. அலைகரைப் பக்கம் திரும்பினால் நிலம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. தையில் குளம், ஆனியில் மாடு மேய்கிற புல்வெளி, ஆவணியில் வெடித்த தரை.

சனி, முல்லைத்தீவு

வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டு நந்திக்கடல் கரைக்கு வந்தோம். பேராறு கொண்டுவருகிற நல்ல தண்ணீரும் மணல் திட்டு உடைகிறபோது புகுகிற கடலும் சேர்கிற களப்பு. மழைக்காலத்தில் உவர்ப்புக் குறையும், கோடையில் ஏறும். எந்த மாதத்தில் அளக்கிறோமோ அந்த மாதத்து வகையில் அதைப் போடலாம். கரையோரம் கண்டல், அதற்கு இந்தப் பக்கம் தரவை என்கிற மரமே இல்லாத வெளி, மாடுகள்.

வட்டுவாகல் பாலத்தில் மச்சான் மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. 2009இல் போரின் கடைசி நாட்களில் இந்தப் பாலத்தால் நடந்து வெளியே வந்தவர்களில் அவனும் ஒருவன். இன்றைக்கு வேறு எதுவும் எழுதுவதாக இல்லை.

ஞாயிறு இரவு, மன்னார்

நீளமான நாள். புதுக்குடியிருப்பு, பரந்தன், பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், மன்னார். நடுவில் இரணைமடுவுக்கு ஒரு சுற்று. கனகராயன் ஆற்றை மறித்த குளம், வடக்கில் பெரியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கட்டு நிறையச் சனம், கச்சான் கடலைச் சுருளோடு.

வவுனியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர்தான் உயரம். ஆனாலும் அந்த மேட்டுப் பக்கத்திலிருந்து ஆறுகள் மூன்று திசையில் பிரிகின்றன. பேராறு கிழக்கே, கனகராயன் ஆறு வடக்கே சுண்டிக்குளத்துக்கு, பாலி ஆறும் பறங்கி ஆறும் மேற்கே. எல்லாம் மழைக்கு ஓடிக் கோடைக்கு மணலாகிற ஆறுகள். பரந்தனுக்கு வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் போனால் வழுக்கையாற்றைத் தவிர இப்படி ஆறே கிடையாது. ஏன் என்பதற்கு விடை காலடியில் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது.

வன்னியின் உட்பகுதிக்கு அடியில் இருப்பது பழைய பளிங்குருப்பாறை. புவிச்சரிதவியலாளர் அதற்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெடிப்பு இருந்தால் மட்டும் தண்ணீர் பிடிக்கிற கல். எனவே மழை மேலாகவே ஓடும், ஓடுகிறதை மறித்துக் கட்டினால் குளம். வடக்கிலும் வடமேற்குக் கரையிலும் அதற்கு மேல் மயோசீன் என்ற பிந்திய புவிக்காலத்துச் சுண்ணாம்புக்கல் படிந்திருக்கிறது. அது கரைந்து ஓட்டை விழுகிற கல். மழை உள்ளே இறங்கிவிடும், ஆற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. அங்கே கிணறு. வன்னியான் குளத்தைக் கட்டினான், யாழ்ப்பாணத்தான் கிணற்றை வெட்டினான் என்று குணத்தை வைத்துக் கதை சொல்வார்கள். கல்லை வைத்துச் சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் கதை. தீவின் பெரும்பகுதிக்கு ஒரு நிறம் பூசுகிற அதே சூழல் மண்டலப் படம் யாழ்ப்பாணக் குடாநாட்டை மட்டும் பிரித்தெடுத்துத் தக்காணத்து முட்புதர்க் காடுகளோடு சேர்த்துவிடுகிறது.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். விழவில்லை. பரந்தனில் வயல், பூநகரியில் பனையும் மணலும், முழங்காவிலில் திரும்பவும் உயர்ந்த மரங்கள், கல்லே இல்லாத ஆழமான சிவப்பு மண். வெள்ளாங்குளத்துக்குத் தெற்கே மரங்கள் குள்ளமாகி, பாலை பற்றையளவுக்கு இறங்கி, குடை விரித்த உடை மரங்கள் வந்துவிட்டன. மன்னாருக்கு ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் அளவில்தான் மழை, அதோடு நிற்காத காற்று. சிலர் இந்தக் கரையை உலர் வலயத்திலிருந்து பிரித்து வறண்ட வலயம் என்று தனியாக எழுதுவது அதனால்தான். ஒரு இனம் மறைந்து இன்னொன்று வருவதற்கு இருபது முப்பது கிலோமீட்டர் எடுக்கிறது. படத்தில் அதற்கு ஒரு பேனா முனை.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் பார்த்தோம். ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம், கடலோரத்தில் ஒரு வீடளவு பருத்து நிற்கிறது. அதை எந்தப் பெட்டியில் போடுவது என்று மச்சான் கேட்டான். பசிக்கிறது, சாப்பிடப் போவோம் என்று சொன்னேன்.

திங்கள், முருங்கன் – மடு வீதி

முருங்கனில் இறங்கி வயலோரம் நாலடி வைத்ததும் செருப்பு வரவில்லை. கறுப்புக் களி. ஈரத்தில் கால்விரல் இடுக்கில் ஏறி இறுகிக்கொள்ளும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். தமிழ்நாட்டில் கரிசல் பார்த்தவர்களுக்கு விளங்கும். இலங்கையில் இந்த மண் அதிகமில்லை.

வன்னியிலேயே மழை குறைந்த மூலை இது. வன்னியின் நெற்களஞ்சியம் என்று சொல்வதும் இந்த மூலையைத்தான். கட்டுக்கரைக் குளம் இருப்பதால். அந்தக் குளத்தை நிரப்புவது மன்னார் மழை மட்டுமல்ல. அனுராதபுரப் பக்கம் மல்வத்து ஓயா என்று ஓடி, இங்கே அருவி ஆறாக வருகிற ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்துத் திருப்பிய தண்ணீர். இன்னொரு பிரதேசத்து மழையில் விளைகிற நெல். இயற்கைப் பிரதேசம் என்று நாம் கீறுகிற எல்லைக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைப்பவர்களை இந்தக் கட்டுக்கு ஒரு தரம் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

வங்காலையில் பூநாரைகள் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தன. 2008இல் சரணாலயம், 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம். ஓரங்களில் சீமைக்கருவேல் பரவிக்கொண்டிருக்கிறது.

மடு வீதியில் தேத்தண்ணிக்கு நின்றோம். மடுக் காடு 1968இல் சரணாலயமானது, 2015இல் இங்கே தேசியப் பூங்கா. கடைக்காரர் நான் வைத்திருந்த படத்தை வாங்கிப் பார்த்தார். பச்சை நிறத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது காடெண்டு போட்டிருக்கு. இதுக்குள்ள எங்கட பெரியப்பான்ர வயல் கிடக்கு.”

வன்னியில் பல ஊர்களில் கேட்கிற முறைப்பாடு இது. இடம்பெயர்ந்து இருபது வருடம் கழித்து வந்தால் வயல் பற்றைக்காடாகியிருக்கும். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் பற்றைக்காடும் காடும் ஒரே பச்சை. காடு என்று எல்லைக்கல் நட்டுவிட்டால் பிறகு அலைச்சல்தான். காட்டைக் காக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. காடு எது என்று வந்து பார்த்துச் சொல்லட்டும் என்கிறார். எப்படிப் பார்ப்பது என்றும் சொன்னார். பற்றைக்குள் வரம்பு மேடு கோடாகத் தெரியும். உடைமரத்துக்கு நடுவில் தேசிக்காய் மரம், மாமரம் நிற்கும். கிணற்றுக்கட்டு இருக்கும். பாலையும் வீரையும் பெரிதாக இல்லாமல் சூரை, காரை என்று முட்பற்றையாக இருந்தால் அது புதுக் காடு.

மறுபக்கமும் உண்டு. வன்னியின் பெருங்காடு என்று நாம் சொல்கிறதற்குள் உடைந்த கட்டுகளோடு பழைய குளங்கள் எத்தனையோ கிடக்கின்றன. அந்தக் கட்டுகளில் நிற்கிற பாலை மரங்களுக்குச் சில நூறு வயது இருக்கும். அதுவும் ஒரு காலத்தில் யாருடையதோ வயல். எத்தனை வருடம் போனால் வயல் காடாகிறது என்று எந்த வகைப்பாட்டிலும் எழுதியில்லை. 

பழைய நில அளவைப் படம் இருந்தால் தேடித் தர முடியுமா என்று கடைக்காரர் கேட்டார், ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் கணக்கில் அந்தக் காலத்தில் அடித்தது; அதில் வயல் வயலாகவே குறித்திருக்கும், குளத்துக்குப் பெயரும் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடப் புவியியல் அறை அலுமாரியில் அந்தத் தாள்கள் கொஞ்சம் சுருட்டிக் கிடக்கின்றன. மன்னார்ப் பக்கத்துத் தாளைக் கறையான் விட்டுவைத்திருக்கிறதா என்று பள்ளிக்கூடம் தொடங்கியதும் பார்த்துச் சொல்கிறேன் என்று அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டேன்.